மகளின் இரட்டைச் சுழி

பகல் ஒன்று ஐம்பது. அந்த நேரத்தை நான் கடிகாரத்தில் பார்க்கவில்லை. கைப்பேசியில் வரிசையாகக் கிடந்த தவறிய அழைப்புகளைப் பிறகு பார்த்தபோதுதான் தெரிந்தது. மகளின் பாடசாலை வேன்காரர் முதல் தடவை எனக்கு அழைத்த நேரம் அது. அப்போது நான் கண்டி நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில், குளிர்ந்த மேசையில் மல்லாந்து படுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி வெளியே, கைப்பைக்குள், சத்தம் இல்லாமல் கிடந்தது.

இது நடந்து இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. யாருடைய பெயரையும் சொல்லப் போவதில்லை. என்னைப் போல ஒரு வீட்டிலாவது இதைப் படித்துவிட்டு, பிள்ளை காதில் விழும்படி எதைப் பேசுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்.

எனக்கு வயது நாற்பத்தொன்று. கட்டுகஸ்தோட்டையில் வீடு. பல்லேகலையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கணவருக்கு மின்சாதனக் கடையொன்றில் வேலை. மாதத்தில் சில நாள் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போய்விடுவார். எங்களுக்கு ஒரே மகள், எட்டு வயது. கல்யாணமான அடுத்த வருஷமே பிறந்தவள். அதனால் இரண்டாவது குழந்தைக்கு இத்தனை பாடு படுவோம் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை. வேணும் என்று நினைத்தால் வந்துவிடும் என்றுதான் இருந்தோம். ஐந்து வருஷமாக வரவில்லை.

பிள்ளையே இல்லாதவர்களுக்கு ஊர் பரிதாபப்படும். ஒரு பிள்ளை உள்ளவளுக்கு அதுவும் கிடையாது. "ஒன்னு இருக்குதானே, அத நல்லா வளங்க" என்பார்கள். அதே ஆள் அடுத்த கல்யாண வீட்டில், "ஒத்தப் புள்ளையா? நாளைக்கு உங்களுக்குப் பொறகு அதுக்கு யாரு இருக்கா?" என்பார். இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். மாதா மாதம் அந்த நாள் வந்ததும் அதே குளியலறைதான். சத்தம் வெளியே கேட்காது என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகளிடம் வழக்கம்போல வேலைக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கணவருக்கான பரிசோதனை எல்லாம் முடிந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்துவிட்டது. மிச்சம் இருந்தது கருக்குழாய் எக்ஸ்ரே மட்டும். கர்ப்பப்பைக்குள் ஒரு மருந்தைச் செலுத்தி, அது இரண்டு குழாய் வழியாகவும் ஓடுகிறதா என்று திரையில் பார்ப்பார்கள்.

வெளியே நீண்ட மர வாங்கில் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அலவத்துகொடையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் சகோதரி. என்னைவிடச் சில வயது இளையவர். அவருக்கும் ஒரே மகன். என் கண்ணாடியையும் சேலையையும் பார்த்துவிட்டு, "டீச்சரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பாக்க அப்புடித்தான் ஈக்கிது" என்று சிரித்தார்; அவர்கள் பேச்சில் 'இருக்கு' 'ஈக்கிது' ஆகும், 'சொல்' 'செல்' ஆகும். அதற்குப் பிறகு கடைசிவரை நான் அவருக்கு டீச்சர்தான்.

"எனக்கு தைரொய்டாம் டீச்சர். ஒடம்பு ஊதுது, முடி கொட்டுது, எந்த நேரமும் தூக்கம் தூக்கமா வருது. புள்ள பெத்த ஒடம்பு அப்புடித்தானாம், எல்லாரும் செல்றாங்க. ரத்தத்த பாத்தாத்தானே வெளங்குது. இப்ப அதுக்கு தெனம் ஒரு குளிச முழுங்குறேன்."

"வீட்டுக்காரருக்கும் டெஸ்ட் எழுதினாங்களா?"

"எழுதினாங்க. வரணுமே! 'எனக்கென்னத்துக்கு டெஸ்ட்டு, மகன் ஈக்கிறானே, அவன்தான் எண்ட சேட்டிபிகேட்டு' எண்டு செல்றாரு."

எதிர் வாங்கில் இருந்த ஒரு பெண்ணும் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அவருடைய கதை வேறு. முதல் பிள்ளைக்குப் பிறகு ஒரு கரு கலைந்து, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில் உள்ளே தழும்பு விழுந்துவிட்டதாம். தன் தங்கைக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி, அவளும் இதே டொக்டரிடம்தான் வருகிறாள் என்றும் சொன்னார். அன்று அந்த வாங்கில்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. முதலாவது சுலபமாக வந்ததே, இரண்டாவது ஏன் வரவில்லை என்று இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலாவதைச் சுமந்த உடம்பு வேறு, அதற்குப் பிந்திய உடம்பு வேறு. நடுவில் வயது ஏறுகிறது, சுரப்பிகள் மாறுகின்றன, கட்டி வருகிறது, தழும்பு விழுகிறது. நமக்குத் தெரியாமலே எல்லாம் நடக்கிறது.

என் முறை வந்தது. வலித்தது, ஆனால் சொல்லிப் பயமுறுத்திய அளவுக்கு இல்லை. திரையில் மருந்து நடுவில் மட்டும் வெள்ளையாகத் தேங்கி நின்றது. இரண்டு பக்கமும் கொஞ்சம் போய் நின்றுவிட்டது. டொக்டர் பெண்மணி சிங்களவர், ஆனால் நிதானமாக, எனக்குப் புரியும் தமிழில் பேசினார். முதல் பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் இருந்ததா என்று கேட்டார்.

இருந்தது. சிசேரியன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நல்ல காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றத்தோடு உதிரப்போக்கு. வீட்டில் பால் கட்டினால் வரும் காய்ச்சல் என்றார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயம் என்ற நாட்டு மருந்தை அரைத்துக் கொடுத்தார்கள். அதற்கும் காய்ச்சல் நிற்காமல் போன பிறகுதான் பக்கத்து டிஸ்பென்சரியில் குளிசை வாங்கிச் சாப்பிட்டேன். காய்ச்சல் விட்டதும் மிச்சக் குளிசையை எறிந்துவிட்டேன்.

டொக்டர் கேட்டுவிட்டு, என் கையைத் தட்டிக்கொடுத்தார். அப்போது கர்ப்பப்பையில் வந்த கிருமி குழாய்வரை போய், ஆறும்போது இரண்டையும் ஒட்ட வைத்திருக்கலாம், நூறு வீதம் சொல்ல முடியாது, ஆனால் அதுதான் அநேகமாகக் காரணம் என்றார். இனி என்ன செய்யலாம் என்பதை அடுத்த முறை கணவரோடு வந்து பேசலாம், வழிகள் இருக்கின்றன, அவசரப்பட்டு அழ வேண்டாம் என்றார். அழவில்லை. எட்டு வருஷமாகப் பதில் என் வயிற்றுக்குள்ளேயே கிடந்திருக்கிறது என்ற திகைப்புதான் இருந்தது.

வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து, கணவருக்குச் சொல்லலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். வேன்காரர். வேன்காரர். பாடசாலை. தெரியாத ஓர் எண், மூன்று தடவை. மறுபடியும் வேன்காரர்.

அவருக்கு எடுத்தேன். மணியடிக்குமுன்னே பேசினார்.

"மிஸ், பாப்பா உங்ககிட்டத்தானே?"

"இல்லியே. ஏன்?"

அவர் குரல் அழுவதுபோல வந்தது. "பாப்பா வேனுக்கு வரல்லீங்க. நீங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். ஸ்கூலுக்குள்ள எல்லா இடமும் தேடிட்டோம். வாட்ச்மேன் சொல்றாரு, யாரோட அம்மா பின்னாலயோ நடந்து போன மாதிரி இருந்துச்சாம்."

எழுந்தேன். அலவத்துகொடைச் சகோதரிதான் என் தோளைப் பிடித்தார். அவருடைய சோதனை இன்னும் முடியவில்லை. "என்ன டீச்சர்? செல்லுங்க" என்றார். நான் சொன்னது அவருக்குப் புரிந்ததோ தெரியாது, எனக்கே புரியவில்லை. அவர் நர்ஸிடம் போய், "மிஸ், எண்ட நம்பர இன்னொரு நாளைக்கு வைங்க" என்று சொல்லிவிட்டு என் கைப்பையையும் தானே தூக்கிக்கொண்டார். "எங்கட நானா கீழ வேனோட நிக்கிறாரு. வாங்க."

நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். அந்த மனுஷர் ஒரு கேள்வி கேட்கவில்லை. தங்கை சொன்னதும் குடித்துக்கொண்டிருந்த பிளேன் டீயைக் கடை மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்து வண்டியை எடுத்தார். கட்டுகஸ்தோட்டை வீதியில் பாடசாலை விடும் நேரத்து நெரிசல். பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் வேன் ஊர்ந்தது. ஒவ்வொரு வெள்ளைச் சீருடையிலும் என் மகளின் முகத்தைத் தேடினேன். வழியில் மகாவலி ஆற்றுப் பாலம் வரும் என்ற நினைப்பு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

கணவருக்கு எடுத்தேன், கேட்டதுமே கொழும்பிலிருந்து புறப்பட்டுவிட்டார். அவருடைய அக்காவுக்கு எடுத்தேன். கலகெதரையில் இருக்கிறார். மகளுக்கு மிகவும் பிடித்த அத்தை, நான் அண்ணி என்று கூப்பிடுபவர். ஒருவேளை பஸ் ஏறி அங்கே போயிருப்பாளோ என்று. "இங்க வரல்லியேம்மா! ஐயோ, நான் இப்பவே வாறேன்" என்று அண்ணி கத்தியது பக்கத்தில் இருந்தவருக்கே கேட்டது.

"தெரியாத நம்பர் ஒண்டு ஈக்கே டீச்சர், அதுக்கும் எடுங்க" என்றார் சகோதரி.

"அது ஏதாவது கம்பனிக்காரங்களா இருக்கும்."

"கம்பனிக்காரன் திருப்பித் திருப்பி எடுக்க மாட்டான்" என்று கைப்பேசியைப் பிடுங்கி, தானே அழுத்தி, என் காதில் வைத்தார்.

ஓர் ஆண் குரல். தமிழ்தான். "பாப்பாவோட அம்மாங்களா? அப்பாடா! எத்தன தடவ எடுத்தேன்! பாப்பா இங்கதான் இருக்கு. பயப்படாதீங்க. நான் சலூன் வச்சிருக்கேன், ஸ்கூலுக்குக் கிட்ட மெயின் ரோட்டுல, பேக்கரிக்குப் பக்கத்துல. புள்ள மொட்ட அடிக்கச் சொல்லுது."

என்ன சொல்கிறார் என்றே எனக்கு விளங்கவில்லை. இருக்கு என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. சகோதரி தன் முந்தானைத் துணியால் என் முகத்தைத் துடைத்தார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

சலூன் சிறியது. நடுத்தர வயதான, மெலிந்த ஒரு மனிதர் வாசலிலேயே நின்றார். முடிவெட்டும் நாற்காலிகள் உள்ளே காலியாக இருந்தன. என் மகளை மட்டும் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வாசலுக்கு நேரே, வீதியில் போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உட்கார வைத்திருந்தார். கையில் கிரீம் சோடா. மடியில் பாதி தின்ற மீன் பன். உச்சந்தலையில் ஒரு ரூபாய்க் குற்றியளவுக்கு முடி இல்லை. தோல் வெள்ளையாகத் தெரிந்தது. அதில் ஒரு கீறல்.

நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது, வந்த காரியம் கெட்டுவிட்டது என்பதுபோல.

"பொம்பளப் புள்ள தனியா வந்து நிக்குதுங்க," என்றார் அந்த மனிதர். நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உள்ள உக்கார வச்சா நாலு பேரு நாலு விதமா பேசுவான். அதான் வாசல்ல போட்டேன். தலையில ரத்தம் கசிஞ்சிச்சு, படிகாரம் வச்சேன். கத்திரிக்கோலு ஸ்கூல்ல வெட்டி ஒட்டுறதாம். கழிவறைக்குள்ள நின்னு வெட்டியிருக்கு. மிச்சத்த நீங்க கத்தியால எடுங்க மாமான்னு சொல்லுது. நம்பரக் கேட்டா, மொட்ட அடிச்சப் பொறகுதான் தருவேன்னு பிடிவாதம். தண்ணிப் போத்தலுக்கு அடியில ஒட்டியிருந்தத நான் பாத்துட்டேன்."

"தண்ணி வரல்லன்னு பொய் சொன்னாரும்மா," என்றாள் மகள். "தண்ணி வந்ததும் அடிக்கிறேன்னு சொன்னாரு. ஆனா உள்ள டேப்புல சத்தம் கேட்டுச்சு."

அவர் அசடு வழிந்தார். "என்னா செய்யச் சொல்றீங்க? வேற வழி தெரியல்ல. பொய் சொன்னது சொன்னதுதான்னு, வந்த கஸ்டமர் எல்லாத்துக்கும் தண்ணி இல்லன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். ஒருத்தன் விடல்ல. அண்ணே, வெளிய பைப்புல கொட்டுதேங்கிறான். அது வேற தண்ணிடான்னு வெரட்டினேன்."

நானா அப்போதுதான் முதல் தடவையாக வாய் திறந்தார். "இனி தண்ணி வந்திட்டுதானே? என்னயும் கொஞ்சம் வழிச்சி விடுங்க" என்று தாடையைத் தடவிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். எல்லாரும் சிரித்தோம். சிரித்த சிரிப்பிலேயே நான் அழத் தொடங்கிவிட்டேன்.

"ஏன்டா செல்லம், மொட்ட எதுக்கு?" என்று கேட்டேன்.

"சுழி மேல கத்தி படணும்மா," என்றாள், எனக்கு எல்லாம் தெரியும்தானே என்ற மாதிரி. "அத்தை சொன்னாங்கதானே."

அப்போதுதான் போன ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. கலகெதரையில் ஒரு சொந்தக்காரப் பெண்ணின் வளைகாப்பு. கிளம்புவதற்கு முன் அண்ணி என் மகளை மடியில் இருத்தித் தலை பின்னினார். வகிடு எடுத்தவர், பக்கத்தில் இருந்த பெண்களிடம், "இங்க பாருங்க, ரெட்டைச் சுழி, ரெண்டும் நடுவுல வந்து முட்டிக்கிட்டு நிக்குது. இது கூடப்பொறப்ப வரவிடாது. சின்னதுல மொட்ட போட்டிருந்தா சரியாப் போயிருக்கும். கோயிலுக்கு வச்ச நேத்திய இன்னும் முடிக்காம வச்சிருக்காங்க. சுழி மேல கத்தி பட்டா அடுத்தது தானா வரும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மகளின் கன்னத்தைக் கிள்ளி முத்தமும் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். முதல் மொட்டை போட வேண்டிய காலத்தில் நான் காய்ச்சலில் மெலிந்து கிடந்ததால் அது தள்ளிப்போய், அப்படியே நின்றுவிட்டது உண்மைதான். நானும் எதையோ சொல்லிச் சிரித்துவைத்தேன்.

பிள்ளை சிரிக்கவில்லை. அவள் அந்தச் சுழியைத் தூக்கிக்கொண்டு நாலு நாள் நடந்திருக்கிறாள்.

"உனக்குத் தம்பி பாப்பா வேணும்னா அம்மாகிட்ட சொல்லலாம்தானே?" என்றேன்.

"எனக்கு வேணாம்," என்றாள். "உங்களுக்குத்தானே வேணும். பாத்ரூமுல அழுவீங்கதானே."

முகத்தில் நுரையோடு நானா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலவத்துகொடைச் சகோதரி மகளுக்கு முன்னால் குந்தியிருந்து, அந்தக் கீறலுக்குப் பக்கத்தில் மெதுவாக ஊதினார். அந்த ஊதலை நான் மறக்க மாட்டேன்.

கணவருக்கும் வேன்காரருக்கும் பாடசாலைக்கும் வழியிலேயே சொல்லிவிட்டேன்; வந்து சேர இரவாகும் என்றார் கணவர். எங்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவர்கள் போனார்கள். போகும்போது அவருடைய எண்ணை வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் அவருடைய சோதனைக்கு நான் துணையாகப் போனேன் என்பது வேறு கதை.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம் பொங்கியது. அண்ணிக்கு எடுத்தேன். அவர் அப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று சொன்னதும், "முருகா!" என்று பஸ்ஸுக்குள்ளேயே சத்தம் போட்டார். நான் நிறுத்தவில்லை. உங்கள் சுழிப் பேச்சுத்தான் இதற்கெல்லாம் காரணம், சுழியும் இல்லை ஒன்றும் இல்லை, எனக்குக் குழாய் இரண்டும் அடைத்துக் கிடக்கிறதாம், பிரசவத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலில் அடைத்ததாம், டொக்டர் இன்றைக்குத்தான் சொன்னார் என்று மூச்சு விடாமல் கொட்டினேன். சொல்லி முடித்ததும் வைத்துவிட்டேன்.

திரும்பினால் மகள் கதவருகே நிற்கிறாள்.

அவளை மடியில் வைத்துச் சொன்னேன். பாப்பா வராததற்கு உன் தலையில் இருக்கிற எதுவும் காரணம் இல்லை. அம்மாவின் வயிற்றுக்குள் இரண்டு சின்னக் குழாய் இருக்கிறது. பாப்பா அதன் வழியாகத்தான் வரவேண்டும். அது அடைபட்டுவிட்டது. மழைக்கு வீதியோரத் தண்ணீர்க் கான் அடைக்கிறது இல்லையா, அப்படி. கவனமாகக் கேட்டாள். வகுப்பிலும் அப்படித்தான் கேட்பாளாம், ஆசிரியை சொல்லியிருக்கிறார்.

"எப்ப அடைச்சிச்சு?"

"அம்மாவுக்கு ஒருக்கா காய்ச்சல் வந்திச்சு. அப்ப."

"எப்ப காய்ச்சல் வந்திச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். சின்ன வயதில் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் கத்தியதை அவள் கேட்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அது தெரிந்துவிட்டது. பேச்சு எங்கே போய் முட்டப்போகிறது என்பதும் தெரிந்தது.

"நீ பொறந்த பொறகு," என்றேன்.

விரலால் தன் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மிக மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான் வந்ததாலதானே?"

இல்லை என்றேன். இல்லடா தங்கம், இல்லவே இல்லை என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை. அம்மா சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று அந்தக் கண் சொன்னது. கிருமி என்றேன், தழும்பு என்றேன், டொக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எல்லாம் அவள் பிறந்த நாளில் போய்த்தான் நின்றது. மத்தியானம் காணாமல் போனவள் கிடைத்துவிட்டாள். இப்போது என் மடியிலேயே இருந்துகொண்டு எங்கேயோ தூரப் போகிறாள் என்று தோன்றியது. அன்று முழுதும் நான் பயந்ததைவிட அந்தச் சில நிமிஷங்களில் அதிகம் பயந்தேன்.

மழை இருட்டுக் கட்டியிருந்தது, வெளியே சின்னத் தூறல். கேட் சத்தம் கேட்டது. அண்ணி.

குடை இல்லை. தலை நனைந்திருந்தது. வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நான் எழுந்திருக்கவில்லை. உள்ளுக்குள் இன்னும் கோபம்தான். இப்போது வந்து விபூதி பூசி, நேர்த்தியைப் பற்றி ஏதாவது சொன்னால் என்ன பதில் சொல்வது என்று தயாராகிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, இங்க வா" என்றார். மகள் என் பின்னால் ஒளிந்தாள். அண்ணி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மூட்டு வலி. தரையில் உட்கார்ந்தால் எழும்புவது கஷ்டம்.

"சரி, நீ வர வேணாம். அங்கயே இருந்து கேளு. நீ பொறந்து கொஞ்ச நாள்ல உங்கம்மாவுக்குக் காய்ச்சல். உடம்பு நெருப்பாக் கொதிக்குது. அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு அவ கேட்டா. ஒரு தடவ இல்ல, ரெண்டு மூணு தடவ கேட்டா. தீட்டுக் கழியல்ல, பச்ச ஒடம்போட வெளிய போகக் கூடாது, இது பால் காய்ச்சல்தான், காயம் குடிச்சா போயிடும்னு சொன்னது நான். அவளுக்கு அம்மா இல்ல. நான் சொன்னதத்தான் கேட்டா. அப்ப நீ என்னா செஞ்சிக்கிட்டு இருந்தன்னு தெரியுமா?"

மகள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்ன செஞ்சேன்?"

"தொட்டில்ல தூங்கிக்கிட்டு இருந்த. வாயைத் தொறந்துக்கிட்டு. நீ ஒன்னும் செய்யல்ல. உன் சுழி ஒன்னும் செய்யல்ல. நீ வந்ததால எதுவும் வரல்ல. போற நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகாததால வந்தது. போக விடாதது இந்த அத்தையோட வாய்."

எட்டு வருஷமாக அந்தக் காய்ச்சலை நான் யோசித்ததே இல்லை. அண்ணி என்னைத் தடுத்தது நினைவில் இருந்தது. ஆனால் இரவு பகல் பார்க்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டதும், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததும் அவர்தான். டொக்டரே நூறு வீதம் சொல்ல முடியாது என்றார். அந்தப் பழியைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அண்ணிக்கு இல்லை. கலகெதரையிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

மகள் மெல்ல என் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அத்தைக்கு முன்னால் போய் நின்று, அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு எதற்கும் ஒரு பரிகாரம் வேண்டும். அது எங்களிடமிருந்து படித்தது.

"அப்ப உங்க வாயில கத்தி படணுமா அத்தை?"

அண்ணி சிரித்தார். சிரிக்கும்போதே முகம் உடைந்துவிட்டது. அவளை இழுத்து மடியில் போட்டு, முடியில்லாத அந்த இடத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "பட்டுடுச்சு தங்கம். இன்னைக்குப் பட்டுடுச்சு."

இப்போது அந்த இடத்தில் பாதி விரல் நீளத்துக்கு முடி வளர்ந்துவிட்டது. காலையில் தலை பின்னும்போது என் சீப்பு அந்தச் சுழியில் போய் நிற்கும் ஒவ்வொரு நாளும், காரணம் தெரியாத இடத்தில் பெரியவர்கள் விளையாட்டாகச் சொல்லி வைக்கும் ஒரு சொல்லை, பிள்ளை எங்கே கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துக்கொள்கிறது என்ற பயம் எனக்கு வந்து போகிறது.